உறையை விடுங்கள், உள்ளே போவதைப் பாருங்கள்

வவுனியா, கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு என்று எந்த ஊர்ச் சந்தைக்குப் போனாலும் உள்ளூர்ப் பொதி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மிளகாய்த்தூள், ஒடியல் மா, உழுத்தம் மா, நெத்தலிக் கருவாடு, எதுவாகவும் இருக்கட்டும். சாமான் நல்ல சாமான்தான். பைதான் சரியில்லை. ஒட்டிய வாய் ஒரு பக்கம் சரிந்திருக்கும். லேபிளின் மை எண்ணெய் பட்டுக் கரைந்திருக்கும். பேனையால் எழுதிய காலாவதித் திகதி பாதி அழிந்திருக்கும். பக்கத்துத் தட்டில் கொழும்புப் பொதி மினுங்கிக்கொண்டு நிற்கும். அதற்கு விலையும் கூட, விற்பனையும் கூட.

இந்த இடைவெளிக்குள் ஒரு குடும்பத் தொழில் இருக்கிறது. அதைத் தொடங்க நினைக்கிறவர்களுக்கும் அதில் வேலை தேடுகிறவர்களுக்கும்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொதித் தொழில் தனியாகப் பிறப்பதில்லை. இன்னொரு தொழிலின் இடுப்பில் ஏறித்தான் அது வெளியே வரும். பை செய்கிறவர் பையையே பார்த்துக்கொண்டிருந்தால் முதல் அடியிலேயே விழுந்துவிடுவார். பைக்குள் போகிற பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் போர், சட்டம், விலையேற்றம் எல்லாவற்றையும் தாண்டி வந்திருக்கிறார்கள்.

சிவகாசியை எடுங்கள். மழை பொய்க்கிற கரிசல் ஊர். 1922இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு உறவினர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீக்குச்சிக்குப் பெட்டி வேண்டும், பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படித்தான் அந்த ஊரில் அச்சுத் தொழில் வேர்விட்டது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றபோது உள்ளூர்ப் பட்டாசு வளர்ந்தது. அதற்கும் உறையும் லேபிளும் தேவைப்பட்டன. பிறகு காலண்டர், டயரி, நோட்டுப் புத்தகம், அட்டைப்பெட்டி. லைட்டர் வந்து தீப்பெட்டி தளர்ந்தபோதும் அச்சு எந்திரங்கள் ஓய்ந்துவிடவில்லை. அந்த வளர்ச்சிக் கணக்கில் சிறுவர்களின் உழைப்பும் உண்டு. சிவகாசியைப் புகழ்கிற பலர் அதைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள்.

கடலூரில் இன்னொரு குடும்பம். எந்தப் பொருளும் ஏழையின் கைக்கு எட்டவேண்டுமானால் சின்ன அளவில் வரவேண்டும் என்று சின்னிகிருஷ்ணன் பொதிகளைச் சுருக்கிக்கொண்டே போனார். சாஷே என்ற சிற்றுறை அங்கே அப்படி வந்ததுதான். அவர் மறைந்த பிறகு மகன்மார் வெல்வெட் ஷாம்புவைச் சிற்றுறையில் கொண்டுவந்தார்கள். தம்பிகளில் ஒருவரான சி. கே. ரங்கநாதன் கருத்து வேறுபாட்டால் விலகி, 1983இல் 15,000 ரூபாயோடு தனியாக ‘சிக்’ ஷாம்புவைத் தொடங்கினார். வெற்று உறை ஐந்தைக் கொண்டுவந்தால் ஒரு ஷாம்பு உறை இலவசம் என்றார். முதலில் எந்தக் கம்பனியின் உறையையும் ஏற்றுக்கொண்டார், ஆள் பழகிய பிறகு ‘சிக்’ உறை மட்டும் என்று மாற்றினார். அந்த நிறுவனம்தான் இன்றைய கெவின்கேர். வெறும் உறையை வைத்தே வாடிக்கையாளரைத் தன் பக்கம் இழுத்த கெட்டித்தனத்தை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை.

ஆனால் அதே சிற்றுறை இலங்கையில் 2021 மார்ச் 31உடன் சட்டத்துக்குப் புறம்பானது. உணவும் மருந்தும் தவிர, 20 மில்லிலீற்றர் அல்லது 20 கிராமுக்கு உட்பட்ட சாஷே பைகளைத் தடைசெய்தார்கள். அதற்கு முன்னர் 2017 செப்டெம்பர் 1இல் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன், லஞ்ச் சீட், றெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் தடைப்பட்டன. மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து உயிர்கள் போன ஆண்டு அது. லஞ்ச் சீட் மட்டும் செய்தவர் அன்று கதவை மூடியிருப்பார். சாப்பாட்டுக் கடைக்காரருக்கு என்ன தேவை என்று தெரிந்து வைத்திருந்தவருக்கு உக்கிப்போகும் சீட்டோ வாழையிலையோ ஒரு வழி இருந்தது.

போரையே தாண்டிய குடும்பம் ஒன்றையும் பார்க்கலாம், கொஞ்சம் தூரத்தில். ஜெஃபர்சன் ஸ்மர்ஃபிட் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் பிறந்தவர், தையற்காரர். 1934இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஒரு சிறிய பெட்டித் தொழிற்சாலையைத் தொடங்கினார். உலகப் போரில் வெளிநாட்டுக் கடதாசி வருவது அருகியது. பெட்டி செய்கிறவருக்குக் கடதாசி இல்லாவிட்டால் என்ன மிச்சம்? பழைய கடதாசியைக் கரைத்துத் தானே கடதாசி செய்யும் வழிக்கு அவர் போனார். மூலப்பொருளுக்குப் பிறர் கையைப் பார்த்து நின்றவர், தானே மூலப்பொருள் செய்கிறவரானது தட்டுப்பாட்டால்தான். 1964இல் பங்குச் சந்தைக்குப் போனார்கள். மூத்த மகன் மைக்கேல் நேரே கந்தோர்க் கதிரையில் உட்காரவில்லை. தொழிற்சாலைத் தளத்தில் தொடங்கி, இடையில் தம்பியோடு இங்கிலாந்தில் சொந்தமாகப் பெட்டித் தொழிற்சாலை நடத்தி, அதைப் பிறகு தகப்பனின் நிறுவனத்தோடு சேர்த்து, 1977இல்தான் தலைமைக்கு வந்தார். 2024இல் அமெரிக்காவின் வெஸ்ட்றொக் நிறுவனமும் சேர்ந்துகொண்டது. பெட்டி செய்யும் உலக நிறுவனங்களில் முன்வரிசையில் இன்று ஸ்மர்ஃபிட் என்ற பெயர் நிற்கிறது.

தட்டுப்பாடு என்றால் என்னவென்று வன்னிக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் சவர்க்காரமும் பற்றறியும் மண்ணெண்ணெயும் எண்ணி எண்ணி வந்தன. யூரியா வந்த உரப்பை நெல்லுக்கும் உடுப்புக்கும் போனது, கிழிந்தால் தைத்து, மண் நிரப்பிப் பதுங்குகுழிக்கும் போனது. அதற்கும் முன்னே பனங்கட்டிக் குட்டான் இருந்தது. சூடான பாகை அப்படியே ஊற்றலாம், ஓலை தாங்கும். அளவும் அதுதான், அச்சும் அதுதான், உறையும் அதுதான். பொதியிடல் படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் பாடமாக அதைத்தான் வைக்கவேண்டும். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை காஸ்டிக் சோடா செய்தது, வாழைச்சேனை ஆலை வைக்கோலிலிருந்து கடதாசி செய்தது. பொதித் தொழிலுக்கான மூலப்பொருள் இந்தப் பக்கத்திலேயே கிடைத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது பிளாஸ்டிக் மணி முழுக்க இறக்குமதி, கடதாசியும் பெரும்பாலும் அப்படித்தான்.

அதனால்தான் 2022 இந்தத் தொழிலை அப்படி உலுப்பியது. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. ஒரு மாத விலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் பழைய விலையில் சாமான் கொடுத்தவருக்கு ஒவ்வொரு பையும் நட்டம். நீங்கள் எழுதும் விலைமனுவில் ‘இந்த விலை 14 நாளுக்கு மட்டும்’ என்ற வரி இருக்கட்டும். பெரிய ஓர்டர் என்றால் மூலப்பொருளின் காசை முற்பணமாக வாங்குங்கள். வாங்கக் கூச்சப்படுகிறவர் இந்தத் தொழிலுக்கு வரவேண்டாம்.

சரி, எங்கே தொடங்குவது? எந்திரத்தில் அல்ல. கடன் எடுத்து எந்திரம் வாங்கி, அதற்கு வேலை தேடி அலைவதுதான் இங்கே வழக்கமாக நடக்கிற தவறு. வன்னியில் நுண்கடன் எத்தனை வீட்டை நொடிக்கவைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். கிழமைக்குக் கிழமை கட்டுகிற கடனில் எந்திரம் வாங்கவே வாங்காதீர்கள். காலால் மிதிக்கிற ஒரு சீலரும் நல்ல தராசும் போதும். மா அரைக்கிற இரண்டு பேருக்கும் தூள் இடிக்கிற ஒருவருக்கும் கூலிக்குப் பொதி செய்து கொடுங்கள். அவர்களுடைய பொருள் எப்படிப் பழுதாகிறது என்பதை அந்த வேலைதான் கற்றுத்தரும்.

மிளகாய்த்தூளின் நிறத்தை வெளிச்சம் தின்றுவிடும். பனங்கட்டி காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். நல்லெண்ணெய் ஒளியும் காற்றும் பட்டால் சிக்கு வாடை வீசும். கருவாட்டின் முள் பையைக் குத்தும், மணம் பக்கத்துப் பெட்டிக்குள் போகும். சாதாரண பொலித்தீன் ஈரத்தை ஓரளவு தடுக்கும். காற்றையும் மணத்தையும் தடுக்காது. கருவாட்டுக்கு நைலோன் படை சேர்ந்த பை வேண்டும், தூளுக்கு ஒளி புகாத உறை வேண்டும். இதைத் தெரிந்தவரிடம் வாடிக்கையாளர் திரும்பி வருவார். ஒட்டு சரியா என்று பார்க்கப் பரிசோதனைக்கூடம் தேவையில்லை. பைக்குள் காற்றை அடைத்து ஒட்டுங்கள், வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி மெதுவாக அழுத்துங்கள். குமிழி வருகிற மூலையைப் பாருங்கள். பெரும்பாலும் ஒட்டும் இடத்தில் தூள் படிந்திருக்கும். சூட்டைக் கூட்டிப் பயனில்லை, வாயைத் துடைக்கவேண்டும்.

பழத்துக்கும் மரக்கறிக்கும் வேறு கணக்கு. இந்த நாட்டில் அறுவடைக்குப் பிறகு அவற்றில் 30 முதல் 40 வீதம் வீணாகிறது என்ற மதிப்பீடு பல காலமாகச் சொல்லப்படுகிறது. 2011 டிசெம்பரில் அரசாங்கம் மரக்கறியைப் பிளாஸ்டிக் கூடையில்தான் ஏற்றவேண்டும் என்று கட்டளை போட்டது. வியாபாரிகள் கொதித்தார்கள். அவர்களில் பிழை சொல்ல முடியாது. வெறும் சாக்கைச் சுருட்டி வைக்கலாம். வெறும் கூடை திரும்பி வரும்போதும் லொறியில் இடம் பிடிக்கும், கூலி கேட்கும். வவுனியாவில் பப்பாசிக்குப் பெட்டி செய்யப் போகிறவர் முதலில் கேட்கவேண்டியது வெறும் பெட்டி யாருடைய லொறியில் திரும்பி வரும் என்பதைத்தான். மடிக்கிற மட்டைப்பெட்டியா, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கும் கூடையா என்பதை அந்தப் பதில் தீர்த்துவிடும்.

வேலை தேடுகிறவர்களுக்கு: இந்தத் தொழிலில் எந்திரம் ஓட்டுகிறவருக்கு எப்போதும் தட்டுப்பாடு. அதைவிடப் பெரிய தட்டுப்பாடு எந்திரத்தைத் திருத்தத் தெரிந்தவருக்கு. கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிற இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் இயந்திர, மின், உணவுத் தொழில்நுட்பப் பாடநெறிகள் இருக்கின்றன. சான்றிதழ் தேசியத் தொழிற்தகைமை மட்டத்தில் கிடைக்கும். பொதியிடலையே தனிப்பாடமாகப் படிக்க விரும்புகிறவர்களுக்குக் கொழும்பில் இலங்கைப் பொதியிடல் நிறுவகம் டிப்ளோமா நடத்துகிறது.

மூன்று மொழியும் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த, கணினியில் வடிவமைக்கத் தெரிந்த பிள்ளைக்கு இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. பெரிய கம்பனிப் பொதிகளில் தமிழ் படும் பாட்டை நாள்தோறும் பார்க்கிறோம். 2025இல் ஆனையிறவு உப்பு ‘ரஜ லுணு’ என்ற சிங்களப் பெயரில் பைக்குள் போனது. எதிர்ப்பு எழுந்த பிறகுதான் ‘ஆனையிறவு உப்பு’ என்று மாற்ற இணங்கினார்கள். உறையில் என்ன எழுதுவது என்று முடிவெடுக்கிற மேசையில் இங்குள்ள ஒருவர் முன்னமே இருந்திருந்தால் அச்சுச் செலவாவது மிஞ்சியிருக்கும்.

சேரும்போது ஊழியர் சேமலாப நிதி கட்டுவார்களா என்று கேளுங்கள். சம்பளத்தில் உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர் இன்னும் 3 வீதம் கட்டவேண்டும். ‘குடும்பம் மாதிரித்தானே இருக்கிறோம்’ என்பது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

முதலாளி குடும்பத்துக்கும் அதே சட்டம். மகனுக்கும் மருமகளுக்கும் மாதச் சம்பளம் என்று ஒன்று எழுதுங்கள். லாச்சியிலிருந்து காசெடுத்துச் சந்தைக்குப் போகிற வீட்டில் எந்தப் பொதியில் இலாபம் வருகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. கனடாவிலிருந்து அண்ணன் காசு போட்டால் அது கடனா பங்கா என்பதை அன்றைக்கே கடதாசியில் எழுதிவிடுங்கள். பங்கு என்றால் எந்தெந்த முடிவுக்கு அவரைக் கேட்கவேண்டும் என்பதையும் எழுதுங்கள். எந்திரம் நின்ற நேரத்தில் தொலைபேசியில் ரொறன்ரோ நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

2025 நவம்பர் 1 முதல் கடைகள் சொப்பிங் பையைச் சும்மா கொடுக்கக்கூடாது, அதன் விலையைப் பற்றுச்சீட்டில் காட்டவேண்டும். உடனே கடதாசிப் பை செய்யப் பலர் கிளம்புவார்கள். புத்தகக் கடைக்கும் உடுப்புக் கடைக்கும் அது சரிவரும். முல்லைத்தீவில் ஈர மீன் வாங்குகிறவரின் கையில் ஐந்து நிமிடம் தாங்காது. அங்கே என்ன பை எடுபடும் என்று அறிய, விடியற்காலையில் கரைக்குப் போய் மீன் வாங்க வருகிறவர்களிடமே கேளுங்கள். வெயில் ஏறினால் ஆட்கள் கலைந்துவிடுவார்கள்.