முதல் தொலைநோக்கி: காலைப் பார்த்து வாங்குங்கள்

ஓ.எல். பரீட்சை முடிந்த கையோடு மாணவன் ஒருவன் பெரிய பெட்டியோடு கடுகண்ணாவையில் என் வீட்டு வாசலில் நின்றான். "750 மடங்கு பெருசா காட்டுமாம் சேர். அப்பா சீட்டுக் காசுல வாங்கித் தந்தாரு." சொந்தக்காரப் பையனிடம் ஒன்று இருக்கிறதாம், இவனிடம் இல்லாவிட்டால் அப்பாவுக்குக் குறை. மூன்று இரவு போராடினோம். நிலவு ஆடியது, வியாழன் கலங்கியது. பெட்டி இப்போது அலுமாரிக்கு மேலே. இப்படி நான் பார்க்கும் மூன்றாவது பெட்டி இது.

காசு குறைவென்றால் வழிகள் மூன்றுதான். 7x50 அல்லது 10x50 பைனாகுலர். எளிய முக்காலியில் நிற்கும் 70 மில்லிமீற்றர் வில்லைத் தொலைநோக்கி. மேசையில் வைக்கும் 114 அல்லது 130 மில்லிமீற்றர் டொப்சோனியன் ஆடித் தொலைநோக்கி. மூன்றும் நல்லவை. நிலவும் கோள்களும் போதுமென்றால் இரண்டாவது, மங்கலான நட்சத்திரக் கூட்டங்களும் வேண்டுமென்றால் மூன்றாவது. இன்னும் எதுவும் தெரியாதவருக்கு முதலாவது.

தவிர்க்க வேண்டியது அந்தப் பெட்டியில் வந்த வகை: குட்டையான 114 மில்லிமீற்றர் ஆடித் தொலைநோக்கி, கீழே பளபளக்கும் ஈக்குவடோரியல் தாங்கி. பார்வைக்கு விஞ்ஞானியின் கருவி போலிருக்கும், அதனால்தான் விற்கிறது.

முதலில் அந்த 750. குவியத் தூரம் 1000 மில்லிமீற்றர். அதை 4 மில்லிமீற்றர் கண்வில்லையால் வகுத்து, மூன்று மடங்கு பார்லோ வில்லையால் பெருக்கினால் 750 வரும். கணக்குச் சரி, காட்சிதான் வராது. ஆடி அல்லது வில்லை விட்டத்தின் மில்லிமீற்றர் அளவைப் போல இரு மடங்குதான் பயனுள்ள உருப்பெருக்கத்தின் உச்சம். 114க்கு 228. அதுவும் காற்று அசையாத இரவில்தான். கலிலியோ 1610 ஜனவரியில் வியாழனின் நிலவுகளைக் கண்டது ஏறக்குறைய இருபது மடங்கில்.

அடுத்து, குழாயை ஒரு அளவுநாடாவால் அளந்து பாருங்கள். 1000 மில்லிமீற்றர் என்று எழுதியிருக்க, குழாய் அதில் பாதிதான் என்றால், குவியத்தை நீட்ட உள்ளே ஒரு வில்லையைச் செருகியிருக்கிறார்கள். மலிவான கருவிகளில் அதுவே படத்தைக் கெடுக்கும். ஆடியை நேர்ப்படுத்தவும் விடாது.

மூன்றாவது, நம் ஊருக்கே உரிய தொல்லை. ஈக்குவடோரியல் தாங்கியின் ஒரு அச்சு வான் துருவத்தை நோக்க வேண்டும். இலண்டனில் அது 51 பாகை உயரத்தில் நிமிர்ந்து நிற்கும். நாம் இருப்பது 7 பாகை அகலக்கோட்டில். அச்சு ஏறத்தாழப் படுத்துவிடும். எடைக்கட்டிக் கம்பி முக்காலிக் காலில் இடிக்கும். துருவ நட்சத்திரத்தைக் காட்டு என்றால் பலாமரத்தையும் மலையையும்தான் காட்ட முடியும். மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் சாதாரணத் தாங்கியே நமக்குப் போதும். குழாயின் பருமனைவிடக் காலின் உறுதி முக்கியம். கடையிலேயே விரலால் தட்டிப் பாருங்கள். ஆட்டம் இரண்டு மூன்று விநாடிக்குள் அடங்காவிட்டால் வந்த வழியே திரும்புங்கள்.

துணைப்பொருள்களுக்குப் பெரிய செலவு வேண்டாம். உடன் வரும் 25, 10 மில்லிமீற்றர் கண்வில்லைகள் முதல் வருடத்துக்குப் போதும். டோர்ச்சுக்குச் சிவப்புத் தாள். பனி இறங்காமல் குழாய் வாயில் ஒரு அட்டைச் சுருள். பூஞ்சணம் பிடிக்காமல் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல். கண்வில்லையில் திருகும் கறுப்புச் 'சூரிய வடிகட்டி' வந்தால் உடனே குப்பையில் போடுங்கள். சூட்டில் அது வெடித்தால் கண் போய்விடும். தேடு குழாயைப் பகலிலேயே, சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக, நம் ஊர் டோசன் கோபுரத்தின் உச்சியை வைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

என் பக்கச்சார்பையும் ஒத்துக்கொள்கிறேன். பல வருடமாக என்னிடம் இருந்தது செகண்ட் ஹேண்ட் 7x50 பைனாகுலர் மட்டுமே. மதில்மேல் முழங்கையை ஊன்றி, கார்த்திகைக் கூட்டத்தையும் வியாழனின் நிலவுகளையும் அதில்தான் கண்டேன். ஏப்ரல் இரவுகளில் ஒமேகா சென்டோரி பஞ்சுப் பொட்டாய்த் தெரியும். இலண்டன்காரர் எவ்வளவு செலவழித்தாலும் தன் வீட்டு வாசலில் நின்று அதைப் பார்க்க முடியாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஊரார் பிள்ளை வைத்தியத்துக்குப் படிக்கிறதென்று உயிரியலில் சேர்ப்பதும், மருமகனிடம் இருக்கிறதென்று தொலைநோக்கி வாங்குவதும் ஒரே பிழை. பிள்ளைக்கு நாட்டம் எதில் என்று முதலில் பாருங்கள். அது தெரியக் காலம் எடுக்கும். ரம்புக்கணையிலிருந்து நம் கடுகண்ணாவைக் கணவாய்க்கு ரயில் மெதுவாகத்தான் ஏறுகிறது, ஏறாமல் நிற்பதில்லை.

பிள்ளைகளே, ஜனவரி முதல் மார்ச் வரை வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். அந்த மூன்று மாதமும் காசைத் தொடாமல் வெறுங்கண்ணால் பாருங்கள். பத்து நட்சத்திரங்களைப் பெயர் சொல்லிக் காட்டத் தெரிந்ததும் வாருங்கள். என் பைனாகுலரை இரவல் தருகிறேன்.