சித்தேரி மலையும் அதன் குடிகளும்

நமது தர்மபுரி ஜில்லாவின் தென்கிழக்கில், அரூருக்கு அப்பால், கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த சித்தேரி மலை இருக்கிறது. சமவெளியில் நிலம் வைத்திருப்போரிற் பலர் அம்மலையைத் தூரத்திலிருந்து பார்த்திருப்பார்களேயன்றி, அதன் பயிர்த்தொழிலைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஆயினும் அங்கே பெய்யும் மழையே வள்ளிமதுரையிலுள்ள வரட்டாறு நீர்த்தேக்கத்துக்கு வந்து சேர்கிறது. சரிவில் மண் தங்கினால் ஓடையில் நீர் நிற்கும். மண் கரைந்தால் அது நீர்த்தேக்கத்தில் வண்டலாகப் படியும். ஆகவே மலைக்குடியின் சாகுபடி முறை அடிவாரத்து ஆயக்கட்டுதாரரின் காரியமுமாகும்.

குடிகள்

இம்மலையில் வசிப்போர் பெரும்பாலும் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கொண்டு அவர்களைக் கேரள நாட்டாரென மயங்கலாகாது. அவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறினர் என்பது அவர்களுக்குள் வழங்கும் வரலாறு. சேர்வராயன், கல்ராயன், கொல்லி, பச்சைமலை, ஜவ்வாது மலைகளிலும் இவ்வினத்தார் உளர். ஊர்க் காரியங்களில் ஊர்க்கவுண்டர் சொல்லுக்கு மதிப்புண்டு. மலைக்குச் செல்லும் உத்தியோகஸ்தர் முதலில் அவரைக் கண்டு பேசுதல் நலம்.

நிலமும் பயிரும்

சரிவு நிலத்தில் மண் ஆழம் குறைவு, பாசனமும் அரிது. இதற்கேற்ற பயிர் சாமை. நெருக்கமாக முளைத்து விரைவில் தரையை மூடுவதால் மழைத்துளி மண்ணை நேரே தாக்குவதில்லை. சல்லி வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. சாமையோடும் கேழ்வரகோடும் துவரை, மொச்சை முதலியவற்றைக் கலந்து விதைப்பதால், ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலையில் கெச்சுவா மொழி பேசும் குடிகளும் இவ்வாறே செய்கின்றனர். கற்சுவர் எழுப்பிப் படிப்படியாக நிலத்தைச் சமன்செய்து, ஒரே வயலில் பலவகை உருளைக்கிழங்குகளை நடுகின்றனர். பனியால் ஒருவகை கெட்டாலும் மற்றொரு வகை மிஞ்சும். கடலுக்கப்பால் வெவ்வேறு மலைகளில் வாழ்வோர் ஒரே முடிவுக்கு வந்திருப்பதால், இதை அறியாமை என்று ஒதுக்குதல் தகாது.

நேர்ந்துள்ள இடர்

ரொக்க வருமானத்தின் பொருட்டு மலைச்சரிவுகளில் மரவள்ளி பரவியுள்ளது. அதன் செடிகள் இரண்டரை முதல் மூன்று அடி இடைவெளியில் நிற்பதால், முதல் சில மாதங்கள் மண் வெறுமையாகவே கிடக்கும். கிழங்கு எடுக்கையில் நிலம் முழுதும் கிளறப்படும். இரண்டு வேளையிலும் பெருமழை வந்தால் மேல்மண் போய்விடும். ஆயினும் குடியானவரைக் குறை கூறுவதிற் பயனில்லை. சாமையை உமி நீக்க உரலில் குத்தும் பாடு பெண்களின் தலையில் விழுகிறது. உமியோடு விற்றாலோ விலை குறைவு. அவர்கள் சாமையை விட்டமைக்கு இதுவும் ஒரு காரணம்.

செய்யத்தக்கவை

1. சரிவின் குறுக்கே மட்டுமே உழவேண்டும். நிலத்திற் கிடைக்கும் கற்களைக் கொண்டே சமமட்ட வரப்புகள் இடலாம்.

2. மரவள்ளி நடுவோர் இடையிடையே சாமைப் பட்டைகள் விடுக. அடுத்த ஆண்டு இரண்டையும் இடம் மாற்றுக.

3. சாமையை வரிசைக்கு வரிசை முக்கால் அடி விட்டு விதைத்தால் ஏக்கருக்கு 4 கிலோ விதை போதும். கைவீச்சுக்கு 5 கிலோ ஆகும். களையெடுப்பும் எளிதாகும்.

4. சில ஊர்கள் கூடி உமி நீக்கும் சிறு இயந்திரம் ஒன்றை அமைத்தால், அரிசியாகவே விற்கலாம்; பெண்களின் உழைப்பும் குறையும்.

5. கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. தன்னுடையதென்று உறுதியில்லாத நிலத்தில் எவரும் கல்வரப்புக் கட்டார். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வன நிலத்தை அனுபவித்துவரும் பழங்குடியினர், அனுபவத்திலுள்ள அளவுக்கு, 4 ஹெக்டேருக்கு மேற்படாமல், உரிமை கோரலாம். அம்மனுக்களைக் கிராம சபை முன் காலதாமதமின்றி வைப்பதும் மண்பாதுகாப்பு வேலையே.

மலையில் ஒருவர் போடும் வரப்பு, கீழே பலர் வயலுக்கு நீராகும். இதை இரு தரத்தாரும் உணர்ந்து நடப்பார்களாக.