"வெளாட்டுக்குத்தான் சார்": புதிய ஆசிரியர்களுக்கு ஒரு பழைய ஆளின் அறிவுரைகள்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

அரியலூர் மாவட்டத்துக்கு நியமன ஆணை வந்ததும் எல்லாரும் முதலில் விசாரிப்பது பஸ் எத்தனை மணிக்கு என்பதை. அடுத்தது வாடகை வீடு. பாடம் நடத்துவது எப்படி என்று பி.எட்.டில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். முன்பெஞ்சுக்காரன் உட்காரும் இடத்தில் காஞ்சொறி இலையைத் தேய்த்துவிட்டு ஒரு கூட்டமே சிரிக்கும்போது என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியன் என்ற உரிமையில் அதைப் பற்றி எழுதுகிறேன். எண் போட்டிருப்பது வசதிக்காகத்தான். நேரமில்லாதவர்கள் நான்காவதை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

1. முதலில் சிரிக்கப் பழகுங்கள். சாக்பீஸ் டப்பாவுக்குள் ஓணான் இருக்கும். கடைசிப் பீரியடில் எவனாவது ஐந்து நிமிஷம் முன்னதாக மணியடித்துவிடுவான். உங்கள் நடையைப் போலவே ஒருவன் நடந்து காட்டுவான், அதுவும் நன்றாகவே நடப்பான். பட்டப்பெயர் கட்டாயம் வைப்பார்கள். வைக்கவில்லையென்றால் உங்களை யாரும் கவனிக்கவில்லை என்று அர்த்தம். இவற்றுக்கெல்லாம் விசாரணைக் கமிஷன் வைக்கும் ஆசிரியர், உண்மையான குற்றம் நடக்கும் நாளில் கையில் ஆயுதம் இல்லாமல் நிற்பார். உங்கள் கௌரவத்துக்குப் பட்ட சிராய்ப்பையும் ஒரு பிள்ளைக்குப் பட்ட காயத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

2. எல்லை எங்கே என்பதற்கு நம்மூர் சைக்கிளையே எடுத்துக்கொள்வோம். பிளஸ் ஒன் பிள்ளைக்கு அரசு கொடுத்த சைக்கிள். வால்டியூப்பைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிட்டால் அது குறும்பு. தள்ளிக்கொண்டு போய்க் காற்றடிப்பான், நாளைக்கு இவன் அவனுக்குச் செய்வான். அதே சைக்கிளில் பிரேக் கம்பியைத் தளர்த்திவிட்டால்? சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு டிப்பர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் சாலையில்தான் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். செய்தவன் இரண்டையும் "வெளாட்டுக்குத்தான் சார்" என்றே சொல்வான். பொய் சொல்கிறான் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் அவன் மனதில் இருந்தது விளையாட்டுதான். ஆனால் லாரிக்கு அது தெரியாது. உட்காரப் போகிறவனின் நாற்காலியை இழுப்பதும், நீச்சல் தெரியாதவனைத் தண்ணீர் தேங்கிய பழைய சுரங்கக் குழியில் தள்ளிவிடுவதும் இதே கணக்கில்தான் வரும்.

2025 செப்டம்பரில் ஒடிசாவின் கந்தமால் மாவட்டத்தில், விடுதிப் பள்ளி ஒன்றில் தூங்கிக்கொண்டிருந்த எட்டுப் பிள்ளைகளின் கண்ணில் சக மாணவர்கள் உடனே ஒட்டும் பசையை ஊற்றிவிட்டார்கள். கண் திறக்க முடியாத பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். தலைமை ஆசிரியர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். பசையை எடுத்தவர்களும் சின்னப் பிள்ளைகள்தான். கண் என்றால் என்ன, பசை என்றால் என்ன என்று அவர்களுக்கு யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும். குறும்பு நடக்கும் முன்பே பேசிவைக்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு. ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே பிரேக், நாற்காலி, குழி, பசை நான்கையும் பெயர் சொல்லிப் பேசிவிடுங்கள்.

காயம் கண்ணுக்குத் தெரியாதபோது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஆள் மாறி மாறி வருகிறதா, இல்லை எப்போதும் அதே ஒருவன்தானா? இன்றைக்கு இவன், நாளைக்கு அவன் என்றால் விட்டுவிடலாம். எப்போதும் அதே பிள்ளைதான் அகப்படுகிறான் என்றால் அதற்குக் குறும்பு என்ற பெயர் பொருந்தாது.

3. ரயில் பாதைக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடைத்தவர்களுக்கு இது. தண்டவாளத்தில் கல்லை அடுக்கி வைத்துவிட்டு மறைந்து நின்று வேடிக்கை பார்ப்பதும், ஓடும் ரயில் மீது கல் எறிவதும் பிள்ளைகளுக்குப் பந்தயம். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 153-இன்படி வேண்டுமென்றே பயணிகளின் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் ஐந்தாண்டு வரை சிறை. பிள்ளைகளிடம் பிரிவு எண்ணைச் சொன்னால் ஏறாது. 1956 நவம்பர் 23-ஐச் சொல்லுங்கள். மருதையாற்றில் வெள்ளம், பாலம் பெயர்ந்தது, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் இறங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தாத்தா பாட்டி யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுவரச் சொல்லுங்கள், பாதி வகுப்பு கதையோடு வரும். அப்போது ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி, பாலத்தை அவர் கட்டவுமில்லை, ரயிலை அவர் ஓட்டவுமில்லை; ஆனாலும் ராஜினாமா செய்தார். நம் ஊர்ப் பெயரோடு சேர்ந்து வரலாற்றில் நிற்கும் ராஜினாமா அது. "நான் செய்யலை சார், அவன்தான் சார்" என்று ஒருவன் மேல் ஒருவன் கை நீட்டும்போது இந்தக் கதை எனக்குப் பிரம்பைவிட அதிகம் உதவியிருக்கிறது.

4. புகார் வந்த நாளின் மாலைப்பொழுதுதான் ஆபத்தானது.

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட் 9 இரவு நடந்ததை நீங்கள் பயிற்சி வகுப்பில் கேட்டிருப்பீர்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவரை, கூடப் படித்த ஆதிக்க சாதிப் பையன்கள் கேலி செய்தும் ஏவல் வாங்கியும் வந்தார்கள். அவர் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினார். ஏன் வரவில்லை என்று பள்ளியில் விசாரித்தபோது விஷயம் வெளியே வந்து, புகார் ஆனது. அன்று இரவே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அந்த மாணவர் பிழைத்து, அடுத்த ஆண்டு பிளஸ் டூ தேறினார் என்பது ஒன்றுதான் அந்தக் கதையில் நல்ல செய்தி.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய. வந்து சொன்ன பிள்ளையின் பெயர் வெளியே போகக்கூடாது. "எவன்டா வந்து சொன்னது?" என்று வகுப்பில் யாராவது கேட்டால் அங்கேயே அடக்குங்கள். இருவரையும் எதிரெதிரே நிற்கவைத்து "நீ சொல்லு, இப்ப நீ சொல்லு" என்று பஞ்சாயத்து செய்யாதீர்கள். பலம் குறைந்தவன் அந்த இடத்திலேயே வாக்குமூலத்தை மாற்றிவிடுவான். தனித்தனியே கேளுங்கள், அன்றைக்கே தேதி போட்டு எழுதி வையுங்கள். பள்ளி விடும் முன் வீட்டுக்கு ஃபோன் போடுங்கள். அவன் எப்படி வீட்டுக்குப் போகிறான், எந்த வழியில், யாரோடு என்று கேட்டு, வேண்டுமானால் கூடவே போங்கள். மிரட்டல் வாசனை அடித்தால் காவல் நிலையத்துக்குச் சொல்லத் தயங்க வேண்டாம். மறுநாள் ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை "இப்ப எப்படிப்பா இருக்கு?" என்று கேளுங்கள்.

இன்னொன்று. புகார் வாயால்தான் வரும் என்று காத்திருக்காதீர்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளை திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் வரவில்லை என்றால் வருகைப் பதிவேடே புகார்தான்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு கூடாது என்ற பரிந்துரையைத்தான் எல்லாரும் பேசினார்கள். 500 மாணவர்களுக்கு மேல் உள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. கயிற்றைவிட அதுதான் முக்கியம் என்பது என் கட்சி. நம் மாவட்டத்தில் சாதி உண்டா என்று கேட்காதீர்கள். பட்டப்பெயர் எங்கே போய்த் தொடுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள், ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

5. அடிக்காதீர்கள். "கண்ணு ரெண்ட மட்டும் வுட்டுட்டுத் தோல உரிச்சுடுங்க சார்" என்று அப்பாவே வந்து சொல்வார். அவர் அப்படிச் சொல்வது உங்கள் மேல் உள்ள நம்பிக்கையால். அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, உடலை வதைப்பதையும் மனதை வதைப்பதையும் ஒருங்கே தடை செய்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 75-இல், பொறுப்பில் இருக்கும் பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அடி வாங்கியவன் வெளியே போனதும் "சார் அடிச்சிட்டாரு, கணக்கு முடிஞ்சுது" என்று கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவான். அவனால் புண்பட்டவனைப் பற்றிய நினைப்பே வராது. என் வயதுக்காரர்கள் "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்பார்கள். அடி பட்டு உருப்பட்டவர்கள்தான் அதைச் சொல்ல மிச்சம் இருக்கிறார்கள்; பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிப்போனவர்கள் வந்து சாட்சி சொல்வதில்லை.

வெயிலில் முட்டி போடவைப்பதும் அடிதான். முழு வகுப்பையும் நிற்கவைப்பது அடியைவிட மோசம், ஒன்றும் செய்யாத நாற்பது பேருக்கும் உங்கள் மேல் வெறுப்பு வரும். கழிவறை கழுவு என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்தத் தண்டனை கடைசியில் யார் தலையில் விழுகிறது என்று பட்டியல் போட்டுப் பாருங்கள், வெட்கமாக இருக்கும்.

திண்ணைப் பள்ளிக்கூட காலத்தில் கோதண்டம் என்று பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். உ.வே.சா. சிறுவயதில் இதே அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ் படித்தார். அவருக்குத் தமிழ் மேல் பசியை உண்டாக்கியது எந்தக் கயிறும் இல்லை.

6. அப்படியானால் என்னதான் செய்வது? கெடுத்ததைச் சரிசெய்ய வையுங்கள். நோட்டைக் கிழித்தவன் அந்தப் பாடம் முழுவதையும் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுக்கட்டும். பிரேக்கைக் கெடுத்தவன், அவன் வீட்டாருக்குத் தெரிவித்துவிட்டு, சைக்கிள் கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் மாட்டக் கற்றுக்கொண்டு, பள்ளியில் உள்ள சைக்கிள்களின் பிரேக்கைச் சரிபார்க்கட்டும். அபராதப் பணம் வேண்டாம். அது கூலிக்குப் போகும் அம்மாவின் முந்தானையிலிருந்து வரும், அவனுக்கு உறைக்காது.

சில ஆண்டுகளுக்கு முன் அருப்புக்கோட்டைப் பக்கம் கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் குடித்துவிட்டு வகுப்புக்கு வந்து மாட்டினார்கள். வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. சுதந்திர தினத்தன்று விருதுநகரில் காமராசர் நினைவு இல்லத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று உத்தரவானது. பிள்ளைகள் பள்ளிக்கு வர மதிய உணவு போட்டவரின் வீட்டைக் கூட்டிப் பெருக்குவது நல்ல தண்டனைதான். ஆனால் அங்கே பத்திரிகைக் கேமராக்களும் வந்தன. நீங்கள் கொடுக்கும் தண்டனைக்குப் பார்வையாளர் இருக்கக்கூடாது, ஃபோனில் படம் எடுக்கவே கூடாது.

"கை குடுத்து ஃப்ரெண்ட்ஸ் ஆகிடுங்கடா" என்று இருவரையும் பிடித்து ஒட்டவைக்காதீர்கள். மன்னிப்பதா வேண்டாமா என்பது புண்பட்டவனின் உரிமை, அவனுக்குக் கெடு வைக்க நமக்கு உரிமை இல்லை. தண்டனை முடிந்தபின் செய்தவனிடம் அதைப் பற்றி மறுபடி பேசாதீர்கள். அடுத்த ஆண்டு வகுப்பாசிரியரிடம் "அவனா? தெரியுமே" என்று கண்ணைச் சிமிட்டாதீர்கள்.

7. டி.சி. கிழிப்பேன் என்று மிரட்டாதீர்கள். எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்ற முடியாது, கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 16 அப்படித்தான் சொல்கிறது. 2022-இல் ஆசிரியரை மிரட்டுவதும் மேசை உடைப்பதுமாகச் சில வீடியோக்கள் பரவியபோது, ஒழுங்கீனம் செய்தால் நிரந்தரமாக நீக்கி, டி.சி.யிலும் நடத்தைச் சான்றிதழிலும் காரணத்தைக் குறிப்போம் என்று கல்வி அமைச்சர் அறிவித்தார். அப்போது ஆசிரியர்களுக்கு இருந்த மனவேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் பதினைந்து வயதில் செய்ததை ஐம்பது வயது வரை காகிதத்தில் சுமக்கவைப்பது எனக்கு உடன்பாடில்லை. செந்துறையில் கொடுத்த டி.சி. திருமானூரில் இன்னொரு ஆசிரியருக்குத் தலைவலி, அவ்வளவுதான். நாலு நாள் வராதே என்று அனுப்பினால் அவன் போய்ச் சேரும் இடம் சுரங்கக் குழிக்கரை.

8. நீங்கள் விசாரிக்கவே கூடாதவையும் உண்டு. கழிவறையில் ஃபோனை ஒளித்து வைப்பது, உடையை அவிழ்த்துப் படமெடுப்பது, தொடக்கூடாத இடத்தில் தொடுவது. "ரெண்டு வீட்டையும் கூப்பிட்டுப் பேசி முடிச்சிடலாம் சார்" என்று பெரிய மனிதர்கள் வருவார்கள். முடிக்காதீர்கள். போக்சோ சட்டம் பிரிவு 19-இன்படி தெரிந்தவுடன் தகவல் கொடுப்பது கட்டாயம்; மறைத்தவருக்கும் தண்டனை உண்டு. செய்தவனும் சிறுவன் என்றால் அவனைச் சிறார் நீதி வாரியம் பார்த்துக்கொள்ளும்.

9. விடுதிப் பொறுப்பு கிடைத்தவர்கள் இரவு ஒரு சுற்று போங்கள். ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடும் சிதம்பரத்தில்தான் 1996 நவம்பரில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்டார். மறு ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. பெரிய வகுப்புக்காரர்கள் சின்னவர்களைத் துணி துவைக்க ஏவுவதில்தான் அதெல்லாம் தொடங்கும்.

10. உங்கள் பள்ளியில் "மாணவர் மனசு" பெட்டி இருக்கும். மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவும் காகிதத்திலாவது இருக்கும். பெட்டியின் சாவி யாரிடம் என்று கேளுங்கள். சாவி தொலைந்துபோயிருந்தால் புதுப் பூட்டு வாங்குங்கள், வாரத்துக்கு ஒரு தடவை திறங்கள். கரும்பலகையின் ஓரத்தில் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் அழியாத பெயிண்டில் எழுதிவிடுங்கள். பெயிண்டுக்குத் தலைமை ஆசிரியர் காசு தரவில்லையென்றால் உங்கள் கைக்காசைப் போட்டு நாளைக்கே எழுதுங்கள்.