வயோதிகர்க்குக் கதிர்ச்சிகிச்சை தகுமோ?

செவியடியில் வீக்கங் கண்டால் அதனைப் பொன்னுக்குவீங்கி என்று கொண்டு, கழுத்திற் பொற்சங்கிலி பூட்டிக் காத்திருத்தல் நம் நாட்டு வழக்கம். சிறுவர்க்கு அவ்வெண்ணம் பெரும்பாலும் பொருந்தும். அறுபது கடந்தார்க்கு, ஒரு பக்கத்தில் மட்டும், நோவின்றி, மாதக்கணக்காய் வளரும் கட்டியோ வேறாதல் கூடும். அப்பக்கத்து முகம் கோணுமாயின் ஐயம் மிகும். முகத்தை அசைக்கும் நரம்பு செவியடிச் சுரப்பியின் ஊடே செல்கின்றதன்றோ?

உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய் அரியது. அறுவையே அதற்கு முதற் சிகிச்சை. நோய் கொடிய இனத்ததாயினும், வெட்டிய ஓரத்தில் எஞ்சினும், நரம்பையோ கழுத்துக் கணுக்களையோ பற்றினும், பின்னர்க் கதிர் செலுத்துவர். அதன் அளவு பெரும்பாலும் 60 முதல் 66 கிரே. வாரம் ஐந்து நாளாக ஆறு வாரம் அல்லது சற்று மிகுதி.

"மூத்தவரை இனி ஏன் வருத்த வேண்டும்?" என்பர் இல்லத்தார். அன்பினாற் பிறந்த சொல்லே எனினும் ஆராய்தற்குரியது. கதிரின் தலையாய பயன், நோய் அவ்விடத்தே மீளாமற் காத்தலாம். முன்னரே நுரையீரலிற் சென்று தங்கிய அணுக்களை அஃது எட்டாது. அறுக்கவியலாத இந்நோய்க்கு நியூட்ரான் கதிரை வழக்கமான கதிரோடு ஒப்பிட்டு 1980களில் நடந்த சோதனையிலும், அவ்விடத்து நோய் நன்கு அடங்கியதேயன்றி ஆயுள் தெளிவாய் நீண்டிலது. இதனாற் பயனில்லை எனல் தகாது. முகத்திற் புண் வைத்து, வாய் திறக்கவும் இயலாது கிடத்தலினின்று தப்புதல் எண்பது வயதினர்க்கும் பேறே.

ஆதலின் வயதொன்றே தடையன்று. நடை, உணவு, இருதயம், நினைவு என்பவற்றை நோக்கியே மருத்துவர் துணிவர். கதிரோடு மருந்து சேர்த்தலோ வேறு: தலை கழுத்துப் புற்றுநோய்களிற் பொதுவாக 70 வயதுக்கு மேல் அதன் பயன் மிகக் குறைகின்றது. மிக நலிந்தார்க்கு, நோவு தணிக்கும் குறுகிய முறையும் உண்டு.

1954-ல் முத்துலட்சுமி ரெட்டியார் முயற்சியால் அடையாற்றிற் புற்றுநோய் நிலையம் திறந்தது. இன்று புதுச்சேரி ஜிப்மரிலும் இச்சிகிச்சை உண்டு. எனினும் திருநள்ளாற்று முதியவர் ஒருவர்க்குப் புதுச்சேரி நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. நாடோறும் சென்று மீளல் ஆகாது. ஆறு வாரம் உடன் தங்குவார் யார் என்பதை முதலிலேயே தீர்த்துக்கொள்ளல் வேண்டும். பழுதுற்ற பற்களையும் தொடங்குமுன் பார்ப்பித்தல் நலம்; வாய் வறண்டபின் அவை விரைந்து கெடும். அந்நாட்களிற் காரமின்றிக் குழையச் சமைத்த சோறும் கஞ்சியுமே இறங்கும்.