கீவே வெட்டிய சக்கரம்

'மீட்டிங்' என்று நோட்டீஸ் போர்டில் பார்த்தாலே நம்மில் பலருக்குக் கொட்டாவி வந்துவிடும். "போனா டீ, பிஸ்கட் கிடைக்கும். வேற என்னப்பா இருக்கு?" என்பார்கள் விடுதி நண்பர்கள். நம் ஊர் ரோட்டரி சங்கத்தின் வாராந்தரக் கூட்டங்களுக்கு, ரோட்டராக்ட் மாணவன் என்ற முறையில் விருந்தாளியாகச் சில முறை போயிருக்கிறேன். அங்கே பார்த்ததையும், அதைப் பற்றிப் படித்ததையும் ஓர் இயந்திரவியல் மாணவனாக உங்கள் முன் வைக்கிறேன்.

நாலு பேர், நாலு தொழில்

1905 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று நண்பர்களோடு கூடினார். ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் தையல் தொழில் நடத்தியவர். இன்று ஒருவர் அலுவலகம், அடுத்த தடவை இன்னொருவர் அலுவலகம் என்று முறை வைத்துச் சுற்றிச் சுற்றிக் கூடியதால்தான் 'ரோட்டரி' என்று பெயர் வந்தது. இந்தியாவில் கல்கத்தா சங்கம் 1920-ல் சாசனம் பெற்றது. சென்னைக்கு 1929-ல் வந்தது.

தொழிலுக்கு ஒருவர் என்பது ஆரம்ப கால விதி. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு பள்ளிக்குக் கழிப்பறை கட்டவேண்டும் என்று வையுங்கள். இன்ஜினீயர், சிமெண்ட் கடைக்காரர், ஆடிட்டர், டாக்டர் எல்லோரும் ஒரே மேஜையில் இருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுமே! ஆனால் பெண்களுக்கு உலக அளவில் கதவு திறந்தது 1989-ல்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு மணி நேரம்

கூட்டம் எப்படி நடக்கிறது? குறித்த நேரத்தில் தலைவர் மணியை அடிக்கிறார். பத்துப் பேர் வந்திருந்தாலும் சரி, ஐம்பது பேர் வந்திருந்தாலும் சரி, மணி அடித்துவிடும். விருந்தினர் அறிமுகம், பிறந்தநாள் வாழ்த்து, பிறகு செயலாளர் அறிக்கை. போன வாரம் யார் எந்த வேலையை ஏற்றார், முடித்தாரா என்று பெயர் சொல்லியே கேட்கிறார்கள். அப்புறம் ஒரு சிறப்புப் பேச்சாளர், நன்றியுரை, தேசிய கீதம். மறுபடி மணி. அவ்வளவுதான்!

வெளியூர் போனவர் அந்த ஊர்ச் சங்கக் கூட்டத்தில் கலந்துகொண்டு தன் வருகையைச் சரிக்கட்டலாம். காரணமே இல்லாமல் தொடர்ந்து நாலு கூட்டம் வராவிட்டால் உறுப்பினர் பதவியே போகலாம் என்பது நெடுங்கால விதி. 2016-ல் விதிகளைத் தளர்த்தி, மாதம் இரண்டு கூட்டமாவது போதும் என்றார்கள். ஆனாலும் வாராவாரம் கூடும் சங்கங்கள் இன்றும் பல உண்டு.

சக்கரத்தின் கதை

ரோட்டரிக்கு முதலில் சாதாரண வண்டிச் சக்கரம்தான் சின்னம். பிறகு இருவர் அதை 24 பற்களும் 6 ஆரக்கால்களும் கொண்ட பற்சக்கரமாக வரைந்தார்கள். பார்க்க அழகுதான், ஆனால் நடுவில் கீவே இல்லை! லேத் பிடித்த நமக்குத் தெரியாதா? கீவே வெட்டிச் சாவி செருகாவிட்டால் ஷாப்ட் தன் பாட்டுக்குச் சுற்றும், சக்கரம் தன் பாட்டுக்கு நிற்கும். விசை கடத்தாத சக்கரம் என்று குறை சொன்னார்கள். 1920-களில் கீவேயும் சேர்ந்தது.

என் கருத்து இதுதான். நல்ல மனசு ஷாப்ட் மாதிரி. சேவை சக்கரம் மாதிரி. இரண்டையும் பூட்டும் சாவிதான் வாராந்தரக் கூட்டம்.

சான்று வேண்டுமா? ரோட்டரி 1985-ல் போலியோ ஒழிப்பைக் கையில் எடுத்தது. அரசும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து இழுத்த தேர் அது. இந்தியாவின் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் ஹௌராவில் பதிவானது. 2014 மார்ச் 27-ல் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. 1985-லிருந்து எண்ணிப் பாருங்கள், எத்தனை வருஷம்! ஒருநாள் உற்சாகத்தில் நடக்கிற காரியமா இது? எந்தச் சாவடியில் யார் நிற்பது, மருந்துப் பெட்டிக்கு ஐஸ் யார் கொண்டுவருவது என்று சலிக்காமல் உட்கார்ந்து பேசினால்தான் நடக்கும்.

இதற்கு நேர்மாறாக, எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் சேவைக் குழு. தொடக்க விழா அன்று நாற்பது பேர் ரத்த வகையும் போன் நம்பரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது வாரத்தோடு கூட்டம் நின்றுபோனது. எட்டு மாதம் கழித்து என் சித்தப்பாவுக்கு அவசர ஆபரேஷன், ஓ நெகட்டிவ் வேண்டும். அந்த நோட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் நம்பர் மாறிவிட்டது. இன்னொருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். மறுநாள் மதியம்தான் ரத்தம் கிடைத்தது. அதுவரை சித்தி ஆஸ்பத்திரிப் படியை விட்டு நகரவில்லை. நாற்பது பேருக்கும் நல்ல மனசுதான். வாரம் ஒருமுறை அந்த நோட்டைத் திறந்து படிக்க ஆள் இல்லை, அதுதான் குறை.

நமக்கு என்ன பாடம்?

1. நாளும் நேரமும் மாறக்கூடாது. வந்தவர்களோடு தொடங்கிவிட வேண்டும்.
2. 'செய்வோம்' என்று எழுதாமல், யார், எந்தத் தேதிக்குள் என்று மினிட்ஸில் எழுத வேண்டும்.
3. சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், கம்ப்யூட்டர் என்று பிரிவுக்கு ஒருவராவது குழுவில் இருக்க வேண்டும்.
4. மூன்றாமாண்டு மாணவர் விடைபெறும் முன், இரண்டாமாண்டு மாணவர் கையில் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும் என்பார்கள். தேருக்கு வருஷம் ஒருநாள் கூடினால் போதும். சேவைக்கு வாராவாரம் கூடணும் நண்பர்களே! அடுத்த கூட்டம் எப்போது என்று நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். டீயும் உண்டு, வேலையும் உண்டு. வாருங்கள்!