மலை இல்லாத ஊருக்கு வருகிறவளுக்கு

திருவான்மியூர்

அன்புள்ள மருமகளே,

சோழிங்கநல்லூரில் வேலை கிடைத்துவிட்டது என்று உங்கம்மா போனில் சொன்னாள். குரலில் பாதி சந்தோஷம், பாதி கவலை. தென்காசியில் மொட்டைமாடிக்குப் போனாலே மலை தெரியும். ஞாயிற்றுக்கிழமையானால் உன்னை வீட்டில் பிடிக்க முடியாது. "சென்னையில் ஏறுவதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டாயாமே. பரங்கிமலை இருக்கிறது. முந்நூறு அடி உயரம். படி கட்டியிருக்கிறார்கள். மூச்சு வாங்கத் தொடங்குவதற்குள் உச்சி வந்துவிடும்.

அதனால் மலையைக் கொஞ்ச காலத்துக்கு ஒத்திவை. இது தண்ணீரின் ஊர். கடல், கழிமுகம், ஏரி, சதுப்பு என்று நாலா பக்கமும் தண்ணீர்தான். அதைப் படித்துக்கொண்டால் உனக்கு வெளியே சுற்ற இடமும் கிடைக்கும், குடியிருக்க நல்ல வீடும் கிடைக்கும். இரண்டுக்கும் வரைபடம் ஒன்றுதான்.

முதலில் வீடு. ஆனியில் வேலையில் சேர்கிறாய். தென்காசியில் சாரல் அடிக்கிற மாதத்தில் இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். அப்போது பார்த்தால் எந்தத் தெருவும் நல்ல தெருவாகத்தான் தெரியும். வந்த வேகத்தில் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. சில மாதம் மகளிர் விடுதியில் இரு. அரசாங்கமே 'தோழி' என்ற பெயரில் விடுதிகள் நடத்துகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை எங்கே நிற்கிறது, எங்கே வடிகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வீடு பிடி.

காரணம் சொல்கிறேன். உன் அலுவலகம் இருக்கிற பழைய மகாபலிபுரம் சாலைக்குக் கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய், அதைத் தாண்டினால் கடல். மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரித் தண்ணீர் அந்தச் சதுப்பில்தான் வந்து சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகச் சாலையைக் கடந்து, பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து, தெற்கே முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் கடலில் கலக்கும். சதுப்பின் பெரும்பகுதியைக் கட்டடமும் சாலையும் குப்பைமேடும் தின்றுவிட்டன. தண்ணீர் பழைய வழியை மறக்கவில்லை. 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் படகில் போய் ஆட்களைக் கூட்டிவந்தார்கள்.

புரோக்கரிடம் தண்ணீர் வருமா என்று கேட்டால் வராது என்றுதான் சொல்வார். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரைக் கேள்: "2015ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" கையை இடுப்பிலோ மார்பிலோ வைத்துக் காட்டுவார். பிறகு வீட்டைச் சுற்றி வா. ஈ.பி. மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேலே ஏற்றி மாட்டியிருக்கிறார்களா? மோட்டாருக்குத் தனியாக உயர மேடை கட்டியிருக்கிறார்களா? காம்பவுண்டுச் சுவரில் புதுப் பெயின்ட் பாதி உயரத்துக்கு மட்டும் அடித்திருக்கிறதா? இவையெல்லாம் ஏற்கனவே அனுபவப்பட்ட வீடுகள். வாடகை குறைவாக இருக்கிறதே என்று மயங்காதே.

அதே சதுப்பு காலை ஆறு மணிக்கு வேறு முகம் காட்டும். துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகிற ரேடியல் சாலை அதன் நடுவே ஓடுகிறது. லாரிகள் அலறிக்கொண்டு போகும். பெருங்குடிக் குப்பைமேட்டு வாடை காற்றில் வரும். நாலடி தள்ளி நீலத் தாழைக்கோழி கோரைத் தண்டை ஒரு காலால் பிடித்து, நிதானமாகக் கடித்துத் தின்றுகொண்டிருக்கும். நெடுங்கால் உள்ளான், அரிவாள் மூக்கன், குளிர்காலத்தில் பூநாரை என்று பார்க்கப் பார்க்கத் தீராது. 2022இல் இந்தச் சதுப்பு, உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஒரு பைனாகுலர் வாங்கிக்கொள். எட்டு மடங்கு பெருக்கம் போதும், அதற்கு மேல் போனால் கை நடுக்கத்தில் பறவை ஆடும். பறவை அடையாளம் சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால் 1978இலிருந்து மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி இருக்கிறது. அதில் வயதானவர்கள் நிறைய. அதற்காகத் தயங்காதே, உன் வயதுக்காரர்களை அலுவலகத்திலேயே சந்திக்கப்போகிறாய்.

கடலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆற்றில் நீந்தி வளர்ந்தவள் நீ. அந்தத் துணிச்சல் இங்கே உதவாது. ஆறு இழுக்கிற திசை உனக்குத் தெரியும். சென்னைக் கரையில் அலை உன்னைக் கரைக்குத் தள்ளுவதுபோல இருக்கும்; பக்கத்திலேயே அலை உடையாமல் சலனமின்றி ஒரு பட்டை தெரியும். பார்வைக்கு அதுதான் பத்திரமான இடம். உண்மையில் கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதே. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வா. கோவளத்தில் மீனவ இளைஞர்கள் அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கிறார்கள். முதல் மாதச் சம்பளத்தில் அங்கே போ. பலகையில் நிற்கக் கற்றுக்கொள்வதைவிட, அவர்கள் தண்ணீரில் இறங்குமுன் கரையில் நின்று கடலை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனி. குப்பத்து மணலில் ஓடும்போது வலை காயப்போட்ட இடத்தை மிதிக்காதே. உனக்குப் பொழுதுபோகும் இடம், அவர்களுக்குத் தொழில் செய்யும் இடம்.

தை பிறந்ததும் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் பாதுகாப்புக் குழு ஒன்று, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைத் தேடுகிறது. வார இறுதியில் பொதுமக்களும் கூடப் போகலாம். டார்ச் அடிக்கக் கூடாது. நிலா வெளிச்சத்தில் மணலில் டிராக்டர் டயர் ஓடியதுபோல ஒரு தடம் தெரியும். அது முடிகிற இடத்தில் கம்பை மெல்ல இறக்கிப் பார்ப்பார்கள். மணல் இளகிய இடத்தில் கம்பு தடையில்லாமல் இறங்கும். உடனே கம்பை எடுத்துவிட்டுக் கையால் தோண்டுவார்கள். கை முழுவதும் உள்ளே போனபிறகு முட்டைகள் தட்டுப்படும். நூறுக்கு மேல் இருக்கும். ஓடு கெட்டியில்லை, தொட்டால் அமுங்கும். அவற்றைத் துணிப்பையில் எடுத்துப்போய், பொரிப்பிடத்தில் அதே வடிவத்தில் குழி வெட்டிப் புதைப்பார்கள். இருந்த இடத்திலேயே விட்டால் நாய் தோண்டிவிடும். தப்பிப் பொரிந்த குஞ்சும் தெருவிளக்கைப் பார்த்துக் கடலுக்குப் பதில் சாலைக்குப் போய்விடும். உயிருள்ள ஆமையை மட்டும் எதிர்பார்த்துப் போகாதே. 2025 ஜனவரியில் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும்.

மலை ஆசை எப்படியும் திரும்பி வரும், தெரியும். நாகலாபுரம், தடா எல்லாம் ஆந்திர எல்லையில், காலையில் கிளம்பி இரவு திரும்பும் தூரம். ஜவ்வாது மலைக்கு ஒரு ராத்திரி வேண்டும். அலுவலகத்தில் யாராவது "வா, ட்ரெக்கிங் போகலாம்" என்பார்கள். வனத்துறை அனுமதி வாங்கியாயிற்றா, எந்தப் பாதைக்கு, கூட வருகிற உள்ளூர் ஆள் யார் என்று கேள். மழுப்பினால் போகாதே. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். அதன்பிறகு விதிகள் இறுகின. 2024இல் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை அறிவித்து, இணையத்தில் பதிவு, கூடவே வழிகாட்டி என்று ஏற்பாடு செய்திருக்கிறது. கட்டணம் கொஞ்சம் அதிகம் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன். எப்படியானாலும், புல் காய்ந்து கிடக்கிற மாசி முதல் சித்திரை வரை காட்டுப் பக்கமே வேண்டாம்.

நேரம் எங்கே என்று கேட்பாய். உங்கள் ஆபீசில் அமெரிக்காக்காரனோடு ராத்திரி மீட்டிங் இருக்கும். வாரத்தில் இரண்டு நாளாவது அதற்குப் பிடிகொடுக்காமல் பார்த்துக்கொள், சேர்ந்த மாதத்திலேயே. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் சலுகை கேட்பதுபோல ஆகிவிடும். இந்த ஊரில் வெளியே இருக்கத் தோதான நேரம் விடியற்காலைதான். எட்டரை மணிக்குச் சட்டை நனைந்துவிடும். கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று புகுந்தால் பிழைத்தாய், புகாவிட்டால் அன்று நாற்பது டிகிரி.

சேருகிற தேதி உறுதியானதும் எழுது. விடுதியில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஆதார் நகலும் கம்பெனிக் கடிதமும் கேட்பார்கள். அந்தக் கனத்த ட்ரெக்கிங் ஷூவை இப்போது தூக்கிக்கொண்டு வராதே, விடுதி அலமாரியில் பூஞ்சை பிடிக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
மாமா