ஏர் முனையிலிருந்து சட்டமன்றம் வரை: ஓமந்தூரார் வாழ்வு தரும் பாடம்

எண்ணூரைக் கடந்து மீஞ்சூர் வட்டாரச் சிற்றூர்களுக்குச் செல்வோர், அனல் மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு அப்பால் நெல் வயல்களையும் காண்பர். அவ்வூர்களில் ஒன்றன் கிராமசபையில் முதிய உழவர் ஒருவர் நம்மிடம், "நிலத்தைப் பற்றிய சட்டத்தை நிலம் அறியாதவர்கள்தானே ஐயா எழுதுகிறார்கள்?" என்று வினவினார். அதற்கு விடையாக நாம் அன்று கூறிய வரலாற்றையே இங்குப் பாடமாகத் தருகின்றோம்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895 பிப்ரவரி 1 ஆம் நாள் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் ஓ. பி. இராமசாமி ரெட்டியார். வேளாண்மையே அவர் தொழில். நாட்டு விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டுப் பொதுவாழ்வுக்கு வந்த அவர், 1947 மார்ச் 23 இல் சென்னை மாகாணத்தின் தலைமை அமைச்சரானார். அக்காலத்தில் அப்பதவியை மாகாணப் பிரதமர் என்றே வழங்கினர்.

அவர் காலத்திய நிலச் சட்டங்களை விளங்கிக்கொள்ள, முந்தைய நிலையை அறிதல் வேண்டும். 1802 ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின்படி ஜமீன்தார் அரசுக்கு நிலையான பேஷ்குஷ் செலுத்துவார். குடியானவர் ஜமீன்தாருக்குத் தீர்வை செலுத்துவர். இரயத்துவாரி ஊரிலோ குடியானவர் அரசுக்கே நேராகச் செலுத்துவர். வரப்பு ஒன்றே இடையிலிருக்க, ஜமீன் ஊரில் தீர்வை மிகுதியாக இருப்பதும் உண்டு. 1947 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை அண்டை இரயத்துவாரி ஊர்களின் அளவுக்குக் குறைக்க வழிசெய்தது. 1948 ஆம் ஆண்டின் 26 ஆவது சட்டமோ ஜமீன் முறையையே ஒழிக்க முற்பட்டது. இவை ஒருவர் மட்டும் ஆக்கியவை அல்ல, த. பிரகாசம் தலைமையிலான குழு முன்னரே ஆராய்ந்து வைத்த பொருளே இது. எனினும் சட்டமாக்கிய அமைச்சரவைக்கு உழவர் ஒருவர் தலைமை வகித்தார் என்பது கருதத்தக்கது.

அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவு ஊராட்சிகள் கட்டாயம் அறியவேண்டியது. அரசு ஏற்ற ஜமீனில் தரிசு, புறம்போக்கு, காடு, ஏரி, பாசன வாய்க்கால் ஆகிய யாவும் அரசைச் சேரும். உரிமையுள்ள குடியானவருக்கு இரயத்துவாரிப் பட்டா கிடைக்கும். ஜமீன்தாருக்கு இழப்பீடு உண்டு.

பரிந்துரைகளுக்கு எளிதில் இணங்காதவர் என்று பெயர்பெற்ற ஓமந்தூரார், 1949 ஏப்ரல் 6 இல் பதவி நீங்கினார். ஜமீன் ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததோ ஏப்ரல் 19 இல்! விதைத்தவர் அறுவடைக்கு முன்னரே களத்தை விட்டு வெளியேறிவிட்டார். பின்னர் அவர் வடலூரை அடைந்து, வள்ளலார் நெறியில் கல்விப் பணியும் ஆதரவற்ற குழந்தைகளுக்கான பணியும் ஆற்றி, 1970 ஆகஸ்டு 25 இல் மறைந்தார். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய அரசினர் தோட்டம் அவர் பெயரைத் தாங்குகிறது.

குறையையும் மறைத்தலாகாது. பட்டா, கணக்கில் உரிமை கண்ட குடியானவருக்கே சென்றது. அவர் நிலத்தில் வாரத்துக்கு உழுதவருக்கும் கூலியாளுக்கும் அச்சட்டம் நிலம் தரவில்லை. குத்தகை உழவரை நிலத்திலிருந்து வெளியேற்றாமற் காக்கும் சட்டம் 1955 இல்தான் வந்தது. நில உச்சவரம்புச் சட்டம் 1961 இல் பிறந்தது. நிலமறிந்தவர் சட்டமன்றம் செல்வது நன்று. கணக்கில் பெயரில்லாதவர் குரலும் அங்கு எட்டவேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை.

அந்த முதியவர் இதனைக் கேட்டு, "அப்படியானால் எங்கள் ஊர் ஏரி யார் பெயரில் இருக்கிறது?" என்றார். இதுவே சரியான வினா. அடுத்த கிராமசபைக்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள 'அ' பதிவேட்டை உறுப்பினர்கள் பார்வையிடுக. ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் புறம்போக்கு ஆகியவற்றின் புல எண்ணையும் பரப்பையும் குறித்துக்கொண்டு, நேரில் சென்று ஒப்பிடுக. ஆலைகளும் சாலைகளும் பெருகிவரும் இவ்வட்டாரத்தில், தன் நிலக்கணக்கை அறிந்த ஊரே தன் ஏரியைக் காக்கும்.